அத்தை சேலைக்கு நான் போட்ட குறி

அன்னிக்குத் திங்கக்கிழமை. வெயில் இன்னும் ஏறலை. பினாங்குல துணி வெளுக்கிறவங்க குடியிருக்குற எங்க டோபி லைன்ல, துவைக்கிற கல்லுங்களுக்கு முன்னாடி ஆம்பளைங்க எல்லாரும் இடுப்புத் துணியோட வரிசையா நிக்கிறாங்க. விடிஞ்சதிலிருந்து தப்பு தப்புனு துணி அடிக்கிற சத்தம் கேக்குற இடம் அது. அன்னிக்கு ஓடைத் தண்ணி ஓடுற சத்தம் மட்டும்தான் கேக்குது.

வெள்ளைக்கார டாக்டர் ஒருத்தர் நாற்காலியில உக்காந்திருக்கார். பக்கத்துல டிரெஸர், அதான் ஆஸ்பத்திரியில புண்ணுக்கு மருந்து வச்சுக் கட்டுறவர். அவர் நம்ம ஆளு, தமிழ் பேசுறவர். தகரப் பெட்டியைத் திறந்து ஒரு ஊசியை எடுத்து வெள்ளைத் துணி மேல வச்சார்.

வரிசையில அஞ்சாவது ஆள் என் வீட்டுக்காரர். அவர் முதுகுல என்ன இருக்குனு மூணு பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, எனக்கு, என் மாமியாருக்கு. அது டாக்டர் கண்ணுல பட்டுச்சுன்னா, அவரை லாஞ்சுப் படகுல ஏத்தி ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டு போயிடுவாங்க. குஷ்ட வியாதிக்காரங்களை வைக்கிற தீவு அது. போனவங்க யாரும் திரும்பி வந்ததா நாங்க கேள்விப்பட்டதே இல்லை.

நான் இஸ்திரிக் கொட்டகை வாசல்ல நிக்கிறேன். வயித்துல ஆறு மாசம். தூணைப் பிடிச்சுக்கிட்டேன்.

இருங்க. இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திக்கிறேன். மாமியாரைப் பத்திச் சொல்லாம மேல போக முடியாது.

தைப்பிங் அம்மா கேட்டது

போன வாரம் தைப்பிங்கிலிருந்து ஒரு அம்மா நான் எழுதுற இந்தப் பத்திரிகைக்குக் காயிதம் போட்டிருந்தாங்க. "வாரா வாரம் மாமியார் திட்டினாங்க, மாமியார் குழம்புல கை வைக்க விடலைன்னே எழுதுறீங்களே, அந்த அம்மா நல்லதுன்னு ஒண்ணுமே செய்யலையா?"ன்னு கேட்டிருக்காங்க.

கேட்டாங்களே ஒரு கேள்வி! நியாயமான கேள்விதான். நல்லதைச் சொல்ல எனக்கு வாய் வராம இல்லைம்மா. அதைச் சொன்னா கூடவே என் லட்சணத்தையும் சொல்லணும். அதனாலதான் இத்தனை வாரம் உப்பு, புளி, குழம்புன்னு ஓட்டிக்கிட்டு வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிறது என் பெரிய மக. அவளுக்கும் இது புதுசு. நடுவுல பேனாவைக் கீழ வைக்கக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.

கங்கு எடுக்குற கை

என் மாமியார் பேரு அஞ்சலை. லைன்ல எல்லாருக்கும் அஞ்சலையக்கா. எனக்கு அத்தை. நான் சுங்கை பாக்காப் பக்கத்துக் கித்தாத் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுறவங்க வீட்டுப் பொண்ணு. கல்யாணம் கட்டிப் படகேறி இந்தப் பக்கம் வந்தப்போ எனக்குப் பதினேழு வயசு, அத்தைக்கு அறுபது கிட்ட இருக்கும். ஒல்லி உடம்பு. குரல் மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும்.

ஆம்பளைங்க துவைப்பாங்க, பொம்பளைங்க கஞ்சி போட்டு இஸ்திரி போடுவோம். பெட்டி இருக்கே, அது பித்தளைப் பெட்டி. உள்ள கரிக்கங்கு போட்டுத்தான் சூடு ஏத்தணும். நாங்கள்லாம் இடுக்கியால எடுப்போம். அத்தை மட்டும் விரலால எடுப்பாங்க. அடுப்புல கனகனன்னு கிடக்குற கங்கை ரெண்டு விரலால கிள்ளி எடுத்து, ஒண்ணு ஒண்ணாப் பெட்டிக்குள்ள அடுக்குவாங்க. "இடுக்கியில எடுத்தா கங்கு உடையும்டி. பொறி பறந்து துரைசானி கவுன்ல ஓட்டை விழுந்தா நீயா தச்சுக் குடுப்பே?"ம்பாங்க.

முதல் நாள் பார்த்து நான் ஐயோன்னு கத்திட்டேன். அத்தை விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "முப்பது வருஷம் சவுக்காரத்துலயும் சோடாவுலயும் ஊறின கை. இதைப் பார்த்தா நெருப்புதான் பயப்படணும்." வந்து போறவங்க எல்லாம் வேடிக்கை பார்ப்பாங்க. "அக்கா கை கல்லுக் கைலா"ன்னு லைன் பெரியவர் கோவிந்தண்ணே வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொல்வார். சுண்டு விரலும் மோதிர விரலும் உள் பக்கமா மடங்கி, நிமிராம இருக்கும். ஈரத்துல ஊறி நரம்பு இழுத்துக்கிச்சுன்னு சொல்வாங்க. நாங்களும் சரின்னு கேட்டுக்குவோம். தோட்டத்துக்குப் போனப்போ எங்கம்மாகிட்ட நானே இந்தக் கையைப் பத்திப் பெருமை அடிச்சிருக்கேன்.

இன்னொரு விஷயம், குறி. டோபி வீட்டுக்கு நூறு வீட்டுத் துணி வரும். ஒண்ணோட ஒண்ணு கலக்காம இருக்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. ஒரு வீட்டுக்கு ரெண்டு புள்ளி ஒரு கோடு, இன்னொரு வீட்டுக்கு ஒரு வளையம், இப்படி. அதைப் போடுறது சேராங்கொட்டைப் பால்ல. கொட்டையை ஊசியால குத்தினா கறுப்பாப் பிசுபிசுன்னு வரும். துணியோட ஓரத்துல தொட்டு வச்சு, மேல சுண்ணாம்பு தடவிட்டா, துணி கிழிஞ்சாலும் குறி போகாது. எழுத்து தெரியாத எங்க அத்தைக்கு அத்தனை வீட்டுக் குறியும் மனப்பாடம்.

ஆனா அந்தப் பால் மேல பட்டா போச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் சும்மா இருக்கும், அப்புறம் கொப்புளம் கொப்புளமாப் பொங்கும், அரிப்புல உயிர் போகும். டோபி வேலை செய்றவங்க உடம்புல எங்கேயாவது அந்தத் தழும்பு இருக்கும். என் வீட்டுக்காரருக்குச் சுத்தமா ஆகாது. சின்னதுல ஒரு தடவை தொட்டு மூஞ்சியெல்லாம் வீங்கிடுச்சாம். அதனால எங்க வீட்டுல குறி போடுறது அத்தை மட்டும்தான். விரல்ல விளக்கெண்ணெய் தடவிக்கிட்டு, ஊசி நுனியால தொட்டுத் தொட்டு, அவ்வளவு பதமாப் போடுவாங்க.

எங்க சொந்தத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. ஏன் அத்தைன்னு ஒரு தடவை கேட்டேன். "நம்ம துணி நமக்குத் தெரியாதா?"ன்னாங்க.

தெக்கே திரும்பாத முகம்

அத்தைக்கு அந்தத் தீவு புதுசில்லை. அவங்க ஊர்ல இருந்து கப்பல்ல வந்தப்போ முப்பது வயசு. ரொம்ப வருஷம் கழிச்சுப் பிறந்த ஒத்தைப் புள்ள இடுப்புல. அந்தப் புள்ளதான் என் வீட்டுக்காரர். பேரைச் சொல்ல மாட்டேன், என் மக எழுதிக்குவா. ஆறுமுகம்னு எழுதிட்டா.

அந்தக் காலத்துல கப்பல் தட்டுல வந்தவங்களை நேரா ஊருக்குள்ள விட மாட்டாங்க. அதே தீவோட ஒரு பக்கத்துல இறக்கி, நோய் நொடி இல்லைன்னு தெரியுற வரைக்கும் வச்சிருந்துட்டுத்தான் அனுப்புவாங்க. கப்பல்ல வாந்திபேதி. மாமனாருக்குத் தீவுல இறங்கின மூணாம் நாள் கண்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சு போச்சு. கிட்டப் போக விடலை. தூரத்துல நாலு பேரு தூக்கிட்டுப் போறதைப் பார்த்தாங்களாம், ஒரு மேட்டுப் பக்கம். அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும்.

புருஷனை அங்க விட்டுட்டுப் புள்ளையோட தனியா இந்த ஊர்ல கால் வச்சவங்க. அதுக்கப்புறம் படகுத்துறைக்குப் போனா தெக்குப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டாங்க. தீவு அந்தப் பக்கம்தான் இருக்கு. எங்களைக் கூட்டிட்டு நடக்கும்போது முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு விறுவிறுன்னு போயிடுவாங்க.

வெள்ளைத் திட்டு

ஒரு சனிக்கிழமை அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். இடது தோள்பட்டைக்குக் கீழ வெளுப்பா ஒரு திட்டு. பழைய காலணா அகலம் இருக்கும். எண்ணெய்க் கை அப்படியே நின்னு போச்சு. எங்க தோட்டத்துல ஒருத்தருக்கு இப்படித்தான் வெளுப்பா ஆரம்பிச்சது. ஆளைக் கொண்டு போனதுக்கப்புறம் அந்த வீட்டுப் பாய் தலையாணி எல்லாத்தையும் போட்டுக் கொளுத்தினாங்க. அந்தப் புகை வாடை எனக்கு அப்பவே மூக்குல ஏறிடுச்சு.

அத்தைகிட்டச் சொன்னேன். வந்து பார்த்தாங்க. அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம் என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை அத்தை."

"உங்கம்மாகிட்டக் கூடச் சொல்லாதே. நாளையிலிருந்து அவன் சட்டை போட்டுக்கிட்டுத்தான் கல்லுக்குப் போகணும்."

எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ்வளவுதான். வெளுப்பாத் திட்டு வந்தா அதுதான். வேற எப்படிப் பார்க்கணும், யாரைக் கேக்கணும்னு தெரியாது. கேக்கப் போனாலே மாட்டிக்குவோம்னு பயம்.

தண்ணியில நின்னு துணி அடிக்கிறவங்க யாரும் சட்டை போட மாட்டாங்க. இவர் போட்டுக்கிட்டு நின்னா சும்மா விடுவாங்களா? "என்ன தம்பி, துரை சட்டையைத் துவைச்சுத் துவைச்சு நீயே துரை ஆயிட்டியாலா?"ன்னு கோவிந்தண்ணே கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சார். கொட்டகையில நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பெட்டியை வேகமாத் தேய்ச்சேன்.

ரெண்டு மாசம் அப்படியே போச்சு. தெருவுல சைக்கிள் மணி அடிச்சா சுகாதார இன்ஸ்பெக்டரோன்னு நெஞ்சு அடிச்சுக்கும். யாராவது ரெண்டு பேரு தணிஞ்ச குரல்ல பேசினா எங்களைத்தான் பேசுறாங்கன்னு தோணும். திட்டு மெல்ல மெல்ல அகலமாச்சு. நான் தினம் பார்ப்பேன். பார்க்கவும் பயம், பார்க்காம இருக்கவும் பயம்.

எனக்கு அவர் மேலயே பயம் வந்துடுச்சு, அதையும் சொல்லிடுறேன். அவர் சாப்பிட்ட தட்டைத் தனியா வெந்நியில கழுவ ஆரம்பிச்சேன். அத்தை அதைப் பார்த்துட்டாங்க. திட்டலை. மறுநாள் அவர் சாப்பிட்டு வச்ச மிச்சச் சோத்தை என் கண்ணு முன்னாடி பிசைஞ்சு சாப்பிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சு விரலை நக்கிட்டு, "எனக்கு என்னடி ஆச்சு?"ன்னு கேட்டாங்க. நான் கூனிக் குறுகிப் போயிட்டேன். ஆனாலும் வெந்நி வைக்கிறதை நிறுத்தலை, அவங்களுக்குத் தெரியாம வச்சேன்.

பூட்டின கதவு

ஒரு வெள்ளிக்கிழமை கோவிந்தண்ணே வீடு வீடா வந்து சொன்னார். டோபிங்ககிட்ட இருந்து தோல் வியாதி வருதுன்னு ஊருக்குள்ள யாரோ புகார் எழுதிப் போட்டிருக்காங்களாம். திங்கக்கிழமை காலையில டாக்டர் வரார். கல்லுல நிக்கிற ஆம்பளைங்க அத்தனை பேரும் சட்டையைக் கழட்டிட்டு வரிசையில நிக்கணும். பொம்பளைங்க வர வேண்டாம்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் மூலையில போய்ச் சுருண்டு உக்காந்துட்டார். "நான் இப்பவே எங்கேயாவது ஓடிப் போயிடுறேன்மா"ன்னார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. மாடத்துல இருந்த சேராங்கொட்டை டப்பாவையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"அங்க ஒருத்தரை விட்டுட்டு வந்தேன். இன்னொருத்தரை விட மாட்டேன்"ன்னாங்க. போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாங்க. நடுப்பகல். வெளியில ஆளுங்க பேச்சுக் குரல் கேக்குது.

அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது. திட்டு மேல சேராங்கொட்டைப் பாலைத் தடவிட்டா திங்கக்கிழமைக்குள்ள புண்ணாப் பொங்கிடும். டோபி முதுகுல சேராங்கொட்டைப் புண் இருந்தா யாரு என்ன கேப்பாங்க?

அவசரம். பயம். ஊசியும் எடுக்கலை, விரலுக்கு விளக்கெண்ணெயும் தடவலை. கொட்டையை அம்மிக் குழவியால ஒரே போடு போட்டு உடைச்சாங்க. வெறும் விரலால வழிச்சு மகன் முதுகுல அழுத்தித் தேய்ச்சாங்க. திட்டைச் சுத்தியும் தேய்ச்சாங்க. சுண்ணாம்பு வைக்கலை. அவர் துண்டைக் கடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தார். "பொறுத்துக்கடா, பொறுத்துக்கடா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. முடிஞ்சதும் கையைச் சேலையிலயே துடைச்சுக்கிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை முதுகு பார்க்கச் சகிக்கலை. கொப்புளமாப் பொங்கி நீர் வழியுது. மனுஷன் நிக்கவும் முடியாம படுக்கவும் முடியாம சுவத்துல போய்ப் போய்த் தேய்க்கிறார். "ஐயோ எரியுதே, ஐயோ அரிக்குதே"ன்னு அழுறார். நான் விசிறிக்கிட்டே அழுதேன். அத்தை வந்து எட்டிப் பார்த்துட்டு, "நல்லாப் பொங்கியிருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு மாசத்துல அன்னிக்குத்தான் அவங்க முகத்துல தெளிவு வந்துச்சு.

மத்தியானம் கஞ்சிப் பானையை இறக்கி வடிச்சுக்கிட்டிருந்தாங்க. கொதிக்கிற கஞ்சி. அப்பத்தான் அவங்க கையைப் பார்த்தேன். பெருவிரல், ஆள்காட்டி விரல், உள்ளங்கை, அத்தனையும் கொப்புளம். பானை விளிம்பு பட்டு ஒண்ணு உடைஞ்சு, அது மேல கஞ்சியும் வழியுது.

"அத்தை! உங்க கையிலயும் பொங்கியிருக்கு. எரியலையா?"

அவங்க வேற யார் கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. "அட, ஆமாடி"ன்னாங்க. அப்புறம் சிரிச்சுட்டாங்க. "கல்லுக் கைடி இது."

நானும் சிரிச்சேன். உள்ள போய், "உங்கம்மாவைப் பாருங்க, உங்களை மாதிரியா கத்துறாங்க?"ன்னு அவர்கிட்டச் சொன்னேன்.

ஊசி

இப்பத் திங்கக்கிழமைக்கு வரேன்.

அஞ்சாவது ஆளா அவர் போய் நின்னார். திரும்பச் சொன்னாங்க. முதுகைப் பார்த்ததும் டாக்டர் புருவத்தைத் தூக்கினார். கோவிந்தண்ணே உடனே முன்னாடி வந்து, "சேராங்கொட்டைப் புண்ணு தொரை, எங்க எல்லாருக்கும் வர்றதுதான்"ன்னு தன் கைத் தழும்பைக் காட்டினார். அவருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம், உண்மைன்னு நினைச்சுத்தான் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். எனக்கு மூச்சு வந்துச்சு.

போன டாக்டர் நின்னு, மறுபடி என் வீட்டுக்காரர் முதுகுப் பக்கம் குனிஞ்சார். புண்ணோட ஓரத்துல, விலாப் பக்கம், கொட்டைப் பால் படாத வெளுப்பு ஒரு விரல்கடை அளவுக்கு மிச்சம் இருந்துச்சு. அதை அவர் விரலால தொட்டார். ஊசியை வாங்கினார்.

"கண்ணை மூடிக்கப்பா"ன்னார் டிரெஸர். என் வீட்டுக்காரர் கண்ணை மூடினார். நானும் மூடிக்கிட்டேன்.

"அம்மா!"ன்னு ஒரு கத்தல். கண்ணைத் திறந்தா, அவர் துள்ளிக் குதிச்சு நிக்கிறார். டாக்டர் இன்னொரு இடத்துல குத்தினார். மறுபடியும் குதிச்சார். டாக்டர் சிரிச்சுக்கிட்டே இங்கிலீஷ்ல என்னமோ சொன்னார்.

டிரெஸர் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னார். "தேமல்ப்பா, வெறும் தேமல்! பயந்து சாகாதீங்க. அந்த வியாதின்னா ஊசியால குத்தினாலும் தெரியாது, வெந்நி ஊத்தினாலும் தெரியாது, நெருப்பையே கையில வச்சாலும் தெரியாது. இவனுக்கு எப்படி வலிக்குது பாருங்க! வலிச்சா சந்தோஷப்படுங்கப்பா!"

எல்லாரும் சிரிச்சாங்க. கோவிந்தண்ணே என் வீட்டுக்காரர் தலையில செல்லமாத் தட்டினார். அவர் சிரிச்சுக்கிட்டே அழுதார். நான் அத்தைகிட்டச் சொல்லணும்னு கொட்டகைக்குள்ள திரும்பினேன்.

அத்தை அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தாங்க. பெட்டி திறந்திருக்கு. வலது கை ரெண்டு விரலுக்கு நடுவுல ஒரு கங்கு, செக்கச் செவேல்னு. டிரெஸர் சொன்னது அவங்க காதுலயும் விழுந்திருக்கு. கங்கையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. தூக்கி எறியலை. மெல்லக் குனிஞ்சு அடுப்புல திருப்பி வச்சாங்க. கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாங்க. அந்தக் கொப்புளம், மடங்கின அந்த ரெண்டு விரல், எல்லாத்தையும் புதுசாப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க.

அப்புறம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாங்க.

நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அடி பின்னாடி வச்சேன். ஒரே ஒரு அடிதான். அதை அவங்க பார்த்துட்டாங்க.

பொம்பளைங்களைப் பார்க்க டாக்டர் வரலை. வெளியில டிரெஸர் பெட்டியை மூட ஆரம்பிச்சுட்டார். அத்தை வாயைத் திறக்காம இருந்திருந்தா அந்த வருஷம் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவங்களும் உடனே போயிடலை. நின்னாங்க. என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. "உள்ள போங்க அத்தை"ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. அது எனக்கு அப்பவே தெரியும்.

நான் சொல்லலை. பயம், வேற ஒண்ணுமில்லை. வயித்துப் புள்ளைக்காகத்தான்னு இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சுத்தப் பொய். நான் எனக்காகத்தான் பயந்தேன்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு என்னைத் தாண்டிப் போனாங்க. என் மேல படாம, ஒதுங்கிப் போனாங்க. டாக்டர் முன்னாடி போய்க் கையை நீட்டினாங்க.

"ஐயா, இந்தக் கையையும் ஒரு தடவை குத்திப் பாருங்க."

டிரெஸர் சிரிச்சுக்கிட்டேதான் ஊசியை எடுத்தார். "கண்ணை மூடிக்கங்கம்மா." குத்தினார். ரத்தம் ஒரு பொட்டு வந்து நின்னுச்சு. அத்தை கண்ணை மூடினபடியே நின்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "குத்திட்டீங்களா?"ன்னு கேட்டாங்க.

டாக்டர் எழுந்து வந்து அவங்க முழங்கையைத் தடவிப் பார்த்தார், மடங்கின விரல்களை நிமிர்த்திப் பார்த்தார். என் வீட்டுக்காரர் "அம்மா"ன்னார். அன்னிக்குக் காலையில அவர் ரெண்டாவது தடவையா அப்படிக் கூப்பிட்டார்.

என் மக பேனாவைக் கீழ வச்சுட்டா. சத்தியம் பண்ணினியே, எடுத்து எழுதுடின்னு சொல்லியிருக்கேன்.

மூணு கை தூரம்

புதன்கிழமை லாஞ்சின்னு சொல்லிட்டுப் போனாங்க. அத்தை வீட்டுக்குள்ள வரலை. கொட்டகையிலயே ஒரு பாயைப் போட்டுக்கிட்டாங்க. சுங்கை பாக்காப்ல எங்கம்மா வீட்டுல ஒளிச்சு வச்சுடலாம்னு அவர் துடிச்சார்.

"போடா, பைத்தியக்காரா. ஒளிச்சு வச்சு என்ன லட்சணம்னு ரெண்டு மாசம் பார்த்தோமே, போதாதா? அங்க உங்கப்பா தனியாத்தான் கெடக்காரு. இத்தனை வருஷத்துல ஒரு ஆளு போய் ஒரு விளக்கு வச்சிருக்கோமா? நான் போய் வைக்கிறேன்."

தெக்கே திரும்பிக் கூடப் பார்க்காதவங்க அப்படிச் சொன்னாங்க. சொல்லிட்டு முந்தானை முடிச்சை அவிழ்க்கிறதும் போடுறதுமா இருந்தாங்க, அதையும் பார்த்தேன். பயம் அவங்களுக்கும் இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டாங்க. "இந்தா புள்ள. என் சேலை ரெண்டுக்கும் குறி போட்டுக் குடு. அங்க எல்லார் துணியையும் ஒண்ணாப் போட்டு வெளுப்பாங்க. குறி இல்லைன்னா என் சேலை எனக்கு வராது."

"நீங்களே போட்டுக்கக் கூடாதா அத்தை?"

கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவங்க கோவிச்சுக்கலை. "அந்தக் கொட்டையை இனிமே நீதானே தொடப் போறே. நான் தொட்டா நீ தொடுவியா?"ன்னாங்க.

என்கிட்ட இருந்து மூணு கை தூரம் தள்ளி உக்காந்துக்கிட்டாங்க. அந்தத் தூரத்தை அவங்கதான் வச்சாங்க. நான் சேலை ரெண்டையும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து, காய வச்சதுக்கப்புறம்தான் தொட்டேன். அவங்க பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "விரலுக்கு எண்ணெய் தடவிக்கோ. ஊசியை ரொம்ப இறக்காதே. ம், அவ்வளவுதான். இப்பச் சுண்ணாம்பு."

"என்ன குறி அத்தை? நம்ம வீட்டுக்குத்தான் குறியே இல்லையே."

"இப்ப வேணும்ல. உனக்குத் தோணினதைப் போடு. நீ போட்டா எனக்குத் தெரியும்."

எனக்கு ஒண்ணும் தோணலை. கை நடுங்கிக்கிட்டே ஒரு புள்ளி வச்சேன். பக்கத்துல, கொஞ்சம் தள்ளி, இன்னொரு சின்னப் புள்ளி. ரெண்டாவது சேலைக்கும் அதே. அத்தை தூரத்துல இருந்தே எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்கே"ன்னாங்க. வந்த நாள்ல இருந்து என் வேலையை அவங்க நல்லா இருக்குன்னு சொன்னது அது ஒண்ணுதான்.

புதன்கிழமை நான் படகுத்துறைக்குப் போகலை. வயித்தைச் சாக்குச் சொன்னேன். அவர் போய்ட்டு வந்து சொன்னார், லாஞ்சில அத்தை முக்காடு போடாம, தீவைப் பார்த்து நேரா உக்காந்திருந்தாங்களாம். அதுக்கப்புறம் அவர் மட்டும் சில தடவை போய்ப் பார்த்துட்டு வருவார். நான் ஒரு தடவையும் போகலை. மூணு வருஷம் இருந்தாங்க, அங்கேயே முடிஞ்சு போச்சு. இப்போ அந்த வியாதிக்கு மாத்திரை இருக்கு, லேசுல ஒட்டவும் ஒட்டாதுன்னு சொல்றாங்க. அத்தைகூட அத்தனை நாள் ஒரே வீட்டுல இருந்த எங்க யாருக்கும் ஒண்ணும் வரலை.

கடைசியா இதைச் சொல்லிடுறேன். தைப்பிங் அம்மா கேட்டதுக்கு இதுதான் என் பதில்.

அத்தை போன மறுநாள், வியாழக்கிழமை காலையில, என் ஆள்காட்டி விரல் அரிக்க ஆரம்பிச்சது. நடுங்கின கையில பால் பட்டிருக்கு. மத்தியானத்துக்குள்ள விரல் முழுக்கக் கொப்புளம். நெருப்பு வச்ச மாதிரி எரிச்சல். சுவத்துல தேய்ச்சேன், தண்ணியில முக்கினேன், தாங்க முடியாம குத்த வச்சு உக்காந்து ஓன்னு அழுதேன். கல்லுல இருந்து அவர் ஓடி வந்தார். அம்மாவை நினைச்சு அழுறேன்னு நினைச்சுக்கிட்டு, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அவரும் அழுதார்.

எரியுது, எனக்கு எரியுதுன்னு சந்தோஷத்துல நான் அழுதேன். அதை அவர்கிட்டக் கடைசி வரைக்கும் சொல்லலை.